செத்த மரத்தில் முளைக்கும் ‘தட்டு’: காட்டுக்கு இது நோயா, உயிரா?

2017 நவம்பர் மாதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் போலந்து அரசுக்குக் கடுமையான எச்சரிக்கை ஒன்றை விடுத்தது. பியாவோவியேஜா காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தச் சொல்லி ஜூலையிலேயே இடைக்கால உத்தரவு போட்டாயிற்று. இனியும் வெட்டினால் ஒரு நாளைக்குக் குறைந்தது 1 லட்சம் யூரோ கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். அன்றைய மதிப்பில் 75 லட்ச ரூபாய்க்கும் மேல். அதுவும் ஒரே நாளுக்கு!

இதில் என்ன ஆச்சரியம் என்றால், அங்கே வெட்டப்பட்டவற்றில் பல மரங்கள் வண்டு அரித்துச் செத்துப்போனவை, இல்லையென்றால் சாகும் நிலையில் இருந்தவை. செத்த மரத்தை எடுத்தால் என்ன தப்பு? விறகுக்காவது ஆகுமே? நமக்கு முதலில் தோன்றும் கேள்வி இதுதான்.

இதற்கான பதில் அந்த மரங்களின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்கத் தட்டு மாதிரி இருக்கும் ஒரு காளான். அதைப் பற்றித் தெரிந்துகொண்டால், இத்தனை பெரிய சண்டை எதற்கு என்பதும் புரிந்துவிடும்.

அது என்ன தட்டுக் காளான்?

காளான் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குடை. ஆனால் மரத்தில் வளரும் காளான்களில் ஒரு பெரிய கூட்டத்துக்குக் காம்பும் கிடையாது, குடையும் கிடையாது. சுவரில் அடித்த அலமாரிப் பலகை மாதிரி, மரத்திலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சில அரை வட்டமாக, சில விசிறி மாதிரி, சில குதிரைக் குளம்பு மாதிரி இருக்கும். இந்தக் கட்டுரையில் இவற்றைத் தட்டுக் காளான் என்றே சொல்வோம்.

மழைக்காலத்தில் கிராமத்துப் பக்கம் போனால், வெட்டிப் போட்ட மாமரக் கட்டையிலோ பட்டுப்போன முருங்கையிலோ இதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டால் தோல் செருப்பு மாதிரி இருக்கும். இன்னும் சில வகைகள் கட்டைக்குச் சமமான கடினம், கையால் உடைக்கவே முடியாது. சாதாரணக் காளான் நாலு நாளில் அழுகிவிடும். இவற்றில் பல வகைகள் வருடக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும். ஒவ்வொரு பருவத்திலும் அடியில் ஒரு புது அடுக்கு சேரும்.

அடிப்பக்கத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஊசியால் குத்தியது போல ஆயிரக்கணக்கான நுண்துளைகள் தெரியும். அந்தத் துளைகள் வழியாகத்தான் வித்துகள் கொட்டும். பூஞ்சைகளுக்கு விதை மாதிரி இந்த வித்துகள். எவ்வளவு கொட்டும்? கனோடெர்மா அப்ளனேட்டம் என்ற ஒரு வகை, பருவத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 3,000 கோடி வித்துகளை வெளியேற்றும் என்பது கணக்கு. அந்தக் காளானுக்குப் பக்கத்தில் இருக்கும் இலைகள் மேல் காப்பிப் பொடி தூவியது போல ஒரு படலமே படிந்திருக்கும்.

இந்த வகைக்கு இன்னொரு குணமும் உண்டு. வெள்ளையாக இருக்கும் அதன் அடிப்பக்கத்தை நகத்தால் கீறினால் கீறிய இடம் பழுப்பாக மாறிவிடும், அந்தக் கோடு அழியாது. அதனால் மேலை நாடுகளில் இதில் படம் வரைபவர்கள் இருக்கிறார்கள்.

முக்கியமான விஷயம் ஒன்று. நாம் பார்க்கும் அந்தத் ‘தட்டு’ முழுப் பூஞ்சை அல்ல. மாமரத்துக்கு மாம்பழம் எப்படியோ, அப்படித்தான் இது. நிஜமான பூஞ்சை கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகளாக மரத்துக்குள்ளே பரவிக் கிடக்கும். வெளியே தட்டு வந்துவிட்டது என்றால், உள்ளே வேலை எப்போதோ தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மரம் எப்போது விழுந்தது? காளானைக் கேளுங்கள்

ட்ரெக்கிங் போகிறவர்கள் இதை முயன்று பார்க்கலாம். வித்துகள் நேராகக் கீழே விழ வேண்டும் என்பதால், தட்டுக் காளான் எப்போதும் தன் துளைப் பக்கத்தைத் தரையை நோக்கியே வைத்துக்கொள்ளும். புவியீர்ப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

கீழே விழுந்து கிடக்கும் ஒரு மரத்தில் தட்டுகள் தரைக்கு இணையாக இருந்தால், மரம் விழுந்த பிறகுதான் அவை முளைத்திருக்கின்றன. தட்டுகள் செங்குத்தாக, புத்தகத்தை நிறுத்தி வைத்தது போல இருந்தால், மரம் நின்றுகொண்டிருந்த காலத்திலேயே முளைத்துவிட்டன. சில மரங்களில் ஒரே காளானில் பழைய பாகம் ஒரு திசையிலும், புது பாகம் அதிலிருந்து திரும்பி வேறு திசையிலும் வளர்ந்திருக்கும். நடுவில் ஒருநாள் மரம் சாய்ந்திருக்கிறது. சிசிடிவி இல்லாத காட்டில் இதுதான் பதிவு!

மரத்தை எப்படிச் சாப்பிடுகிறது?

வீடு கட்டும்போது கம்பி கட்டி, அதன் மேல் கான்கிரீட் போடுவோம் இல்லையா? மரக்கட்டையும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். கம்பி இடத்தில் இருப்பது செல்லுலோஸ். காகிதமும் பருத்தியும் இதனால் ஆனவைதான். கம்பிகளைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் சிமென்ட் இடத்தில் இருப்பது லிக்னின். மரம் உயரமாக நிற்பதற்கும், சுலபத்தில் அழுகாமல் இருப்பதற்கும் காரணம் இந்த லிக்னின்.

பெரும்பாலான உயிர்களால் லிக்னினை ஒன்றும் செய்ய முடியாது. மாடு புல்லைச் செரிக்கும், மரக்கட்டையைக் கொடுத்தால் செரிக்குமா? தட்டுக் காளான்களும் அவற்றின் உறவுக்காரப் பூஞ்சைகளும் செரிக்கும். அவை தங்கள் இழைகளிலிருந்து நொதிகளைக் கசியவிட்டு, மரத்தை வெளியிலேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும்.

இதில் இரண்டு பாணி இருக்கிறது.

வெள்ளை அழுகல்: லிக்னினையும் சேர்த்தே உடைக்கும் வகை. மிச்சமிருக்கும் கட்டை வெளிறிப்போய், நார் நாராகப் பிரியும். கனோடெர்மா இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது.

பழுப்பு அழுகல்: செல்லுலோஸை மட்டும் சாப்பிட்டுவிட்டு லிக்னினைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும் வகை. கட்டை பழுப்பு நிறமாகி, சின்னச் சின்னச் சதுரத் துண்டுகளாக வெடித்து, விரலால் அழுத்தினால் பொடியாகிவிடும். குளிர்நாடுகளில் பிர்ச் மரத்தில் வளரும் தட்டுக் காளான் இந்த ரகம்.

அடுத்த முறை மட்கிய கட்டை ஒன்றைப் பார்த்தால் கொஞ்சம் பிய்த்துப் பாருங்கள். நாராக வருகிறதா, சதுரமாக உடைகிறதா? எந்தப் பாணி என்று நீங்களே சொல்லிவிடலாம்.

நிலக்கரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உலகின் நிலக்கரியில் பெரும்பகுதி சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 30 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த ஒரு காலகட்டத்தில் புதைந்த தாவரங்களிலிருந்து வந்தது. 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு 31 பூஞ்சைகளின் மரபணுத் தொகுப்புகளை ஒப்பிட்டது. லிக்னினை உடைக்கும் வெள்ளை அழுகல் பூஞ்சைகளின் மூதாதை, அந்தக் காலகட்டம் முடியும் சமயத்தில்தான் தோன்றியிருக்க வேண்டும் என்று அது சொன்னது. மரத்தைச் சாப்பிட ஆள் வந்ததால்தான் நிலக்கரி சேர்வது குறைந்ததோ என்ற கேள்வி அப்போது பரபரப்பானது.

சமூக வலைதளங்களில் இது நிரூபிக்கப்பட்ட உண்மை போலவே சுற்றுகிறது. ஆனால் 2016இல் வந்த இன்னோர் ஆய்வு இதை மறுத்தது. அந்தக் காலத்துத் தட்பவெப்பமும், தாவரங்கள் புதைய வசதியாக நிலம் தாழ்ந்துகொண்டே போனதும் போதுமான காரணம், பூஞ்சை இல்லாததைக் காரணம் காட்டத் தேவையில்லை என்பது அவர்கள் வாதம். ஆக, விவாதம் முடியவில்லை. மரத்தை மட்க வைக்க ஆள் இல்லையென்றால் காடு தன் கழிவுக்குள்ளேயே புதைந்துவிடும் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டை கிடையாது.

மரம் மட்கினால் கார்பன் வெளியே வருமே. அது ஆபத்து இல்லையா?

நியாயமான கேள்வி. 2021இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு ஆறு கண்டங்களில் 55 காட்டு இடங்களில் செத்த மரக்கட்டைகளை வைத்துக் கண்காணித்தது. உலகம் முழுக்கச் செத்த மரங்களிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 1,090 கோடி டன் கார்பன் வெளியாகிறது என்று கணக்கிட்டது. இதில் 90 சதவீதத்துக்கும் மேல் வெப்பமண்டலக் காடுகளிலிருந்து வருகிறது. வெப்பமும் ஈரமும் இருந்தால் பூஞ்சைகளும் கரையான், வண்டு போன்ற பூச்சிகளும் வேகமாக வேலை செய்யும்.

எண்ணைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். இது மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த அதே கார்பன். அதிலும் ஒரு பங்கு மண்ணுக்குள் போய்விடுகிறது. இன்னொரு பக்கம் புது மரங்கள் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடக்கும் வரவு செலவு இது. பெட்ரோலும் நிலக்கரியும் எரிப்பது வேறு. புதைந்து கிடந்த பழைய கையிருப்பை நாம் எடுத்துச் செலவு செய்கிறோம், திரும்பக் கட்டுவதில்லை.

சரி, இதனால் யாருக்கு லாபம்?

முதலில் பூச்சிகள். சில வண்டுகளுக்குத் தட்டுக் காளான்தான் வீடு, சாப்பாடு, பிரசவ அறை எல்லாமே. வட அமெரிக்காவில் கொம்பு வைத்த ஒரு வண்டு இருக்கிறது. தட்டுக் காளானை விட்டு அது அதிகம் நகர்வதே கிடையாது. ஆண் வண்டுகள் கொம்பால் முட்டிச் சண்டை போடுவதும் அந்தத் தட்டின் மேல்தான்.

அடுத்து பறவைகள். மரங்கொத்தி எந்த மரத்திலும் சுலபமாகத் துளை போட்டுவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழும் செங்கொண்டை மரங்கொத்தி உயிருள்ள வயதான பைன் மரங்களில் கூடு குடையும். அதற்கு அது தேடிப் பிடிப்பது, பூஞ்சை புகுந்து நடுப்பகுதி மெத்தென்று ஆன மரங்களை. அப்படியும் ஒரு பொந்தை முடிக்க வருடக்கணக்கில் ஆகலாம்.

நம் ஊருக்கு வருவோம். ஆனைமலை, வால்பாறைப் பக்கம் இருக்கும் இருவாச்சியைத் தெரியும் இல்லையா? அத்தனை பெரிய அலகு இருந்தும் மரத்தைக் குடைந்து பொந்து உண்டாக்க அதற்கு முடியாது. பெரிய மரங்களில் ஏற்கெனவே இருக்கும் பொந்துக்குள்தான் பெட்டை புகுந்து, வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். அந்தப் பொந்து எப்படி வந்தது? கிளை ஒடிந்த காயத்தின் வழியாகப் பூஞ்சை உள்ளே போய், நடுமரத்தை வருடக்கணக்கில் மென்மையாக்கியதில் வந்தது. இருவாச்சிக் குஞ்சு வெளியே வருவதற்குப் பின்னால் பெயர் தெரியாத ஒரு பூஞ்சையின் உழைப்பு இருக்கிறது.

கொரில்லாக்களும் ரசிகர்கள்தான். ருவாண்டா மலைகளில் கொரில்லாக்களை ஆராய்ந்த டயான் ஃபாஸி, அவை தட்டுக் காளானை மரத்திலிருந்து பெயர்க்கப் பாடுபடுவதையும், அதற்காகத் தங்களுக்குள் சண்டை போடுவதையும் பதிவு செய்திருக்கிறார்.

கடைசியாக, மரக்கன்றுகள். பாதி மட்கிய பெரிய கட்டை பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிர்நாட்டுக் காடுகளில் விழுந்த மரத்தின் முதுகில் வரிசையாக இளங்கன்றுகள் முளைத்திருப்பதைப் பார்க்கலாம். செத்த மரமே நாற்றங்கால் ஆகிவிடுகிறது.

மனிதர்கள் பயன்படுத்தியது உண்டா?

5,300 ஆண்டுகளாகப் பயன்படுத்தியதற்கு ஆதாரமே இருக்கிறது. 1991 செப்டம்பரில் இத்தாலி-ஆஸ்திரியா எல்லையில் ஆல்ப்ஸ் மலைப் பனியில் ஒரு மனித உடல் கிடைத்தது. ‘ஓட்ஸி’ என்று இன்று உலகம் அழைக்கும் பனிமனிதர். அவரிடம் இரண்டு வகைத் தட்டுக் காளான் இருந்தது. ஒன்று, குதிரைக் குளம்பு வடிவக் காளானின் பஞ்சு போன்ற பகுதி. தீக்கல்லைத் தட்டி வரும் பொறியைப் பிடித்து வைக்க உதவுவது, அதாவது அந்தக் காலத்துத் தீப்பெட்டி. இன்னொன்று, தோல் வாரில் கோத்து வைத்திருந்த பிர்ச் மரக் காளான். அவர் குடலில் புழு முட்டைகள் இருந்ததால், அது குடல் புழுவுக்கான மருந்தாக இருக்கலாம் என்று ஓர் ஊகம் உண்டு.

ருமேனியாவின் கொரொண்ட் கிராமத்தில் அதே குளம்பு வடிவக் காளானைத் தட்டி விரித்து, மெல்லிய தோல் மாதிரி ஆக்கித் தொப்பி செய்யும் கைவினைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. ‘ரெய்ஷி’, ‘கனோடெர்மா’ என்ற பெயரில் காப்பித்தூளும் மாத்திரையும் நம் ஊரிலும் விற்பனைக்கு வருகின்றன. புற்றுநோயே குணமாகும் என்று வாட்ஸ்அப் தகவல்கள் சுற்றுகின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, புற்றுநோய்க்கு முதன்மைச் சிகிச்சையாக இதைப் பயன்படுத்தும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்குவதும், இதை நம்பி இருக்கும் சிகிச்சையை நிறுத்துவதும் உயிரோடு விளையாடுவது. காட்டில் பார்த்த காளானைப் பறித்து வந்து கஷாயம் போடுவது அதைவிட ஆபத்து.

போலந்தில் உண்மையில் நடந்தது என்ன?

பியாவோவியேஜா, போலந்துக்கும் பெலாரஸுக்கும் நடுவில் பரவியிருக்கும் காடு. ஐரோப்பியச் சமவெளியில் ஒரு காலத்தில் எங்கும் இருந்த பழங்காட்டின் மிச்சம். யுனெஸ்கோ உலக பாரம்பரியக் களம், ஐரோப்பியக் காட்டெருமையின் முக்கியமான வாழிடம். தட்டுக் காளான்களிலும் அவற்றின் நெருங்கிய உறவுகளிலும் 200க்கும் மேற்பட்ட வகைகள் இந்த ஒரே காட்டில் பதிவாகியிருக்கின்றன. அத்தனை வகை இருக்கக் காரணம், அங்கே நின்றபடியும் விழுந்தும் கிடக்கும் செத்த மரங்களின் அளவு.

ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பட்டைக்கு அடியில் வாழும் ஒரு வண்டு அங்கே பெருகியது. மரங்கள் வரிசையாகச் சாகத் தொடங்கின. 2016 மார்ச்சில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் யான் ஷிஷ்கோ, அந்தக் காட்டின் ஒரு கோட்டத்தில் பத்தாண்டுக்கு அனுமதிக்கப்பட்ட மர அளவைச் சுமார் 63,000 கன மீட்டரிலிருந்து 1,88,000 கன மீட்டராக, அதாவது கிட்டத்தட்ட மூன்று மடங்காக உயர்த்தினார்.

அரசுத் தரப்பு வாதம்: வண்டு தாக்கிய மரத்தை வெட்டினால்தான் மற்ற மரங்களைக் காப்பாற்ற முடியும். காய்ந்த மரம் விழுந்தால் ஆட்களுக்கு ஆபத்து, தீப்பிடிக்கவும் வாய்ப்பு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

எதிர்த்த விஞ்ஞானிகளின் வாதம்: வண்டு பெருகுவதும் அடங்குவதும் இந்தக் காட்டுக்குப் புதிதல்ல. செத்த மரத்தை எடுத்துவிட்டால் காளான் போகும், காளானோடு வண்டுகள் போகும், அவற்றை நம்பியிருக்கும் மூவிரல் மரங்கொத்தியும் வெண்முதுகு மரங்கொத்தியும் போகும். நோயைக் குணப்படுத்துகிறேன் என்று ஆளையே காலி செய்வது போல ஆகிவிடும்.

2017 முழுக்கப் போராட்டம் நடந்தது. மரம் வெட்டும் இயந்திரங்களில் தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டார்கள் இளைஞர்கள். கடைசியில் 2018 ஏப்ரல் 17 அன்று, இந்த மரவெட்டு ஐரோப்பிய இயற்கைப் பாதுகாப்புச் சட்டங்களுக்கு எதிரானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை ஏற்பதாக போலந்து அரசும் அறிவித்தது. அந்த வழக்கில் பெயர் சொல்லிப் பேசப்பட்ட உயிர்களில் பல, செத்த மரத்தை நம்பியே வாழும் வண்டுகளும் மரங்கொத்திகளும்தான்.

வெட்டிய பிறகு புது மரம் நட்டால் போதாதா?

போதாது. இதற்கு பின்லாந்துதான் பாடம். மரத் தொழிலுக்குப் பேர்போன நாடு, காடு நிறைய இருக்கிறது. ஆனால் பல தலைமுறைகளாகக் காட்டைச் ‘சுத்தமாக’ வைத்திருந்தார்கள். தெற்கு பின்லாந்தின் இயற்கையான பழங்காடுகளில் ஒரு ஹெக்டேருக்கு 60 முதல் 120 கன மீட்டர் வரை செத்த மரம் இருக்கும். தொழிலுக்காகப் பராமரிக்கப்படும் காடுகளில் வெறும் சில கன மீட்டர்தான். அந்த நாட்டுக் காட்டுயிர்களில் 4,000 முதல் 5,000 வகைகள், அதாவது ஐந்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை, செத்த மரத்தை நம்பி வாழ்பவை. மேலே பார்த்தால் பச்சைப் பசேல் காடு. உள்ளே பாதி வீடுகள் காலி.

செத்த மரத்தை அவசரமாக உருவாக்கவும் முடியாது. ஒரு மரம் பெரிதாக வளர நூறு ஆண்டு, செத்த பிறகு அங்கே முழுமையாக மட்கப் பல பத்தாண்டுகள். அந்தக் காலம் முழுக்க ஒரே காளான் இருப்பதில்லை. ஒரு வகை வந்து கட்டையைப் பதப்படுத்திவிட்டுப் போன பிறகே அடுத்த வகை வரும். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ்ஸும் கிடைக்காது.

இப்போது அங்கே மரம் வெட்டும்போது சில மரங்களைச் சில மீட்டர் உயரத்தில் வெட்டி, அடிமரத்தை வேண்டுமென்றே நிற்கவிடுகிறார்கள். அழியும் நிலையில் உள்ள காளான்களை ஆய்வகத்தில் சிறு மரமுளைகளில் வளர்த்து, காட்டில் கிடக்கும் கட்டைகளில் துளையிட்டு நுழைத்துப் பார்க்கும் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. ஒரு காலத்தில் கழிவு என்று அகற்றியதை இன்று செலவு செய்து திரும்பக் கொண்டுவருகிறார்கள்.

அப்படியென்றால் தட்டுக் காளான் எங்கே வந்தாலும் நல்லதா?

இல்லை. இதை டெல்டா விவசாயிகளிடம் கேட்டால் கோபமே வரும். ‘தஞ்சாவூர் வாடல் நோய்’ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பகுதியில் முதலில் கவனிக்கப்பட்ட தென்னை நோய் இது. காரணம், நாம் மேலே பார்த்த அதே கனோடெர்மா குடும்பம்.

மரத்தின் அடிப்பாகத்தில் செம்பழுப்பு நிறச் சாறு வடியும். மட்டைகள் வாடித் தொங்கும், குரும்பை உதிரும். முற்றிய நிலையில் அடிமரத்தில் தட்டு முளைக்கும். தட்டு தெரியும்போது மரத்தைக் காப்பாற்றும் காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். அதனால்தான் செத்த தென்னையை வேரோடு எடுத்துவிடுவது, நோயுள்ள மரத்தைச் சுற்றி அகழி வெட்டித் தனிமைப்படுத்துவது, மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு வைப்பது, ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை இடுவது என்றெல்லாம் வேளாண் துறையினர் சொல்கிறார்கள்.

காட்டில் எடுக்காதே, தோப்பில் எடு. இது முரணாகத் தெரியலாம். வித்தியாசம் இடத்தில் இருக்கிறது. காட்டில் பல வகை, பல வயது மரங்கள் கலந்து நிற்கும். ஒன்று போனால் அந்த இடத்தில் வேறொன்று வரும். தோப்பில் ஒரே வகை மரம், வரிசையாக, வேரோடு வேர் உரச நிற்கிறது. அங்கே பூஞ்சைக்கு அது விரித்து வைத்த இலை. ஒவ்வொரு மரமும் ஒரு குடும்பத்தின் வருமானம் வேறு.

இந்தியாவில் செத்த மரத்துக்குச் சட்டம் உண்டா?

உண்டு, அதில் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு இருக்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது கோதவர்மன் திருமுல்பாட் வழக்கு. அது பின்னர் நாடு முழுவதற்குமான காட்டு வழக்காக விரிந்தது. அதே வழக்கில் 2000 பிப்ரவரி 14 அன்று, தேசியப் பூங்காக்களிலிருந்தும் சரணாலயங்களிலிருந்தும் செத்த, நோயுற்ற, சாகும் நிலையிலுள்ள, காற்றில் விழுந்த மரங்களை அகற்ற உத்தரவிடக் கூடாது என்று மாநிலங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. காட்டோரக் குடும்பங்களுக்குச் சுள்ளிதான் அடுப்பு. 2006 வன உரிமைச் சட்டம் சுள்ளியையும் அடிக்கட்டையையும் சிறு வனப்பொருள் பட்டியலில் சேர்த்து, வனவாசிகளின் உரிமையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. விரல் தடிமன் சுள்ளியைத் தலைச்சுமையாகக் கொண்டுபோகிறவரையும், லாரியில் பெருமரம் ஏற்றுகிறவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இருவாச்சிக்கும் வண்டுக்கும் பல ஆண்டு வீடாக நிற்பது அந்தப் பெருமரம்தான்.

நாம் என்ன செய்யலாம்?

* காட்டுக்குப் போனால் தட்டுக் காளானைப் பறிக்காதீர்கள். போட்டோ எடுங்கள். கையால் தொட்டாலே கெடுதல் என்ற பயம் வேண்டாம், வாயில் மட்டும் வைக்காதீர்கள்.
* தெருவிலோ பள்ளி வளாகத்திலோ நிற்கும் பெரிய மரத்தின் அடியில் தட்டு தெரிந்தால் அலட்சியம் வேண்டாம். உள்ளே அழுகல் இருக்கலாம். அதற்காக உடனே கோடரியும் வேண்டாம். மரம் தெரிந்த அலுவலரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எவ்வளவு மரம் பலமாக இருக்கிறது, விழுந்தால் எங்கே விழும் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.
* நிற்கும் மரத்துக்குக் காயம் உண்டாக்காதீர்கள். ஆணி அடிப்பது, கேபிள் கட்டுவது, கண்டபடி கிளையை வெட்டுவது, வேர்வரைக்கும் சிமென்ட் போடுவது எல்லாம் பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிடும் வேலைகள்.
* வீட்டில் இடம் இருந்தால், வெட்டிய கட்டை ஒன்றை ஓரமாக மண்ணில் போட்டு வையுங்கள். வீட்டு மரச்சாமான், தென்னை, சுவர் இவற்றிலிருந்து தள்ளி இருக்கட்டும், கரையான் வரும். ரெண்டு மழைக்காலம் போகட்டும். என்னென்ன குடி வருகிறது என்று குழந்தைகளோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள்.

காடு வளர்ப்பு என்றால் எத்தனை கன்று நட்டோம் என்றுதான் நாம் கணக்குப் பார்க்கிறோம். அந்தக் கணக்கில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம்: எத்தனை மரத்தை, நின்ற இடத்திலேயே வயதாகிச் செத்து, விழுந்து, மட்க விட்டோம்?